பொருந்தல் நெல்லு ஏன் முளைக்காது, மசாடா பேரீச்சங்கொட்டை எப்படி முளைச்சுது?

குறிஞ்சிப்பாடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். கேள்வி சுருக்கமா இதுதான்: இஸ்ரேல்ல 2000 வருஷத்து பேரீச்சங்கொட்டைய முளைக்க வெச்சுட்டாங்க, பழனி பக்கம் பொருந்தல்ல பழைய நெல்லு கிடைச்சும் நம்மாளுங்க ஏன் நட்டுப் பார்க்கல, எங்க தாத்தா குதிருக்குள்ள கிடந்த நெல்லு ஒரு படி என்கிட்ட இருக்கு அது முளைக்குமா, முளைச்சா நம்ம பயிரெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு அதை வெச்சு கண்டுபிடிக்கலாமா.

கடலூர்ல விதைப் பரிசோதனை வேலையில ரொம்ப வருஷம் இருந்தவன் நான், இப்ப லாஸ்பேட்டையில ரிட்டயர்டு வாழ்க்கை, அதனால நேரம் இருக்கு, கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

முதல்ல பொருந்தல். 2009, 2010ல அங்க தோண்டினது நம்ம பாண்டிச்சேரி யூனிவர்சிட்டி பேராசிரியர் கா.ராஜன் டீம். ஒரு ஈமக்குழியில நாலு கால் வெச்ச ஒரு ஜாடி, உள்ள கிட்டத்தட்ட 2 கிலோ நெல்லு. அதுல கொஞ்சத்தை அமெரிக்காவுக்கு அனுப்பி கார்பன் டேட்டிங் பண்ணினதுல கி.மு. 490ன்னு வந்துச்சு. தமிழ்நாட்டு தொல்லியல்ல அது பெரிய நம்பர், ஏன்னா அதே குழியில தமிழ்-பிராமி எழுத்தும் இருந்துச்சு, நெல்லுக்கு வயசு தெரிஞ்சா எழுத்துக்கும் வயசு தெரிஞ்சுரும். அந்த நெல்லு செஞ்ச வேலை அதுதான், அதுவே பெரிய வேலை. ஆனா அது முளைக்காது. 2500 வருஷம் மண்ணுக்குள்ள ஒவ்வொரு மழைக்கும் ஈரம் ஏறி ஏறி காஞ்ச நெல்லு அது. உமியும் மணியோட உருவமும் மிஞ்சலாம், ஏன்னா உமியில சிலிக்கா இருக்கு அது லேசுல மக்காது, ஆனா உள்ள இருக்கிற கரு எப்பவோ செத்துப் போச்சு. சிவகளையில முதுமக்கள் தாழியில கிடைச்ச நெல் உமிக்கு கி.மு. 1155ன்னு 2021ல அறிவிச்சாங்களே, அதுவும் இதே கதைதான். நம்ம அரிக்கமேட்டுல எவ்வளவு தோண்டினாலும் ரோமானிய ஜாடி ஓடு வரும், மணி வரும், உயிருள்ள விதை வராது. பாண்டியில வருஷத்துக்கு 1300 மில்லிமீட்டர் மழை, காத்துல எப்பவும் உப்பும் ஈரமும், இங்க போன வருஷ மல்லாட்டையே (நிலக்கடலை) சரியா முளைக்க மாட்டேங்குது.

மசாடா அப்படி இல்ல. சாக்கடல் ஓரத்துல ஒரு மொட்டைப் பாறை, மழை 50 மில்லிமீட்டர் சுத்தி, சுட்டெரிக்கிற வெயில். யிகேல் யாதின்ங்கற தொல்லியல்காரர் 1963ல இருந்து 65 வரைக்கும் தோண்டினப்ப அந்தக் கொட்டைங்க கிடைச்சுது. கிடைச்சதும் யாரும் நடல, அப்புறம் ஒரு 40 வருஷம் அது அலமாரியிலதான் இருந்துச்சு. 2005ல சாரா சாலன்ங்கற டாக்டரம்மா கெஞ்சிக் கேட்டு வாங்கி இலைன் சோலோவேங்கறவங்ககிட்ட குடுக்க, அவங்க வெதுவெதுப்பான தண்ணியில ஊற வெச்சு, ஹார்மோன் குடுத்து, கடல்பாசி உரம் குடுத்து ஒரு தொட்டியில நட்டு வெச்சாங்க. சில வாரத்துல ஒண்ணு முளைச்சுது. மெத்தூசலான்னு பேர் வெச்சாங்க, பைபிள்ல 969 வருஷம் வாழ்ந்தவர் பேரு. அது ஆண் மரமா போச்சு, காய்க்காது. அதோட விடாம பல இடத்துல தோண்டின பழைய கொட்டைங்கள்ல முப்பதுக்கு மேல பொறுக்கி நட்டதுல இன்னும் 6 முளைச்சுது, அதுல ஹன்னான்னு ஒரு பெண் மரம், அதுக்கு மெத்தூசலா மகரந்தத்தையே வெச்சு 2020ல 111 பழம் பறிச்சாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது முளைச்சது இல்ல, நிரூபிச்ச விதம். நீ நட்ட கொட்டை பழசுதான்னு எப்படி சொல்றன்னு எவனும் கேட்பான் இல்லையா. கன்னை பெரிய தொட்டிக்கு மாத்தறப்ப வேர்ல ஒட்டிக்கிட்டிருந்த கொட்டை ஓட்டுத் துண்டை எடுத்து அதையே கார்பன் டேட்டிங் பண்ணினாங்க. முளைச்ச அதே கொட்டைக்கு வயசு. இதைச் செய்யாத எந்த 'பழங்கால விதை' செய்தியையும் நம்பாதீங்க.

நம்பி ஏமாந்த கதைங்க நிறைய இருக்கு. 19ம் நூற்றாண்டுல எகிப்து பிரமிடு கோதுமைன்னு ஐரோப்பா பூரா வித்தாங்க, மம்மி பக்கத்துல இருந்து எடுத்தது, முளைக்குதுன்னு. உண்மையான கல்லறை கோதுமை ஒண்ணுகூட முளைக்கல, முளைச்சதெல்லாம் புதுசா கலந்தது. 1967ல கனடா பக்கம் பனிக்குள்ள எலி வளையில கிடைச்ச லூபின் விதை 10,000 வருஷம்னு சொல்லி பாடப்புத்தகம் வரைக்கும் போச்சு, 2009ல டேட்டிங் பண்ணினா அது நவீன விதை. வாட்ஸ்அப்ல சுத்துற 32,000 வருஷ சைபீரியா பூச்செடி விஷயம் உண்மைதான், ஆனா அது விதை முளைச்சதில்ல, உறைபனியில கிடந்த முத்தாத காய்க்குள்ள இருந்த திசுவை எடுத்து டிஷ்யூ கல்ச்சர்ல வளர்த்தது, பயிரும் இல்ல.

சரி, விதை ஏன் சாகுது? காஞ்ச விதைக்குள்ள தண்ணி ரொம்ப குறைஞ்சதும் செல்லுக்குள்ள இருக்கிற சர்க்கரையும் சில புரதமும் சேர்ந்து கண்ணாடி நிலைக்குப் போயிரும், மூலக்கூறு எதுவும் நகர முடியாது, அதனால கெடறதும் மெதுவா நடக்கும். ஈரமோ சூடோ ஏறினா அந்த கண்ணாடி இளகிரும், கொழுப்பு காறிப் போகும், டிஎன்ஏ உடையும், முளைக்கிறப்ப ரிப்பேர் பண்ணிக்க முடியாத அளவுக்கு உடைஞ்சா அவ்வளவுதான். விதைக்காரங்க வெச்சிருக்கிற ஒரு பழைய கணக்கு இருக்கு, ஹாரிங்டன் ரூல்னு பேரு: ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைஞ்சா ஆயுசு டபுள், சூடு 5 டிகிரி குறைஞ்சாலும் டபுள். நம்ம ஊர் சாக்குல 13 சதவீத ஈரத்துல 30 டிகிரியில இருக்கிற நெல்லை 8 சதவீதம் காய வெச்சு 5 டிகிரியில வெச்சா அஞ்சு டபுளும் அஞ்சு டபுளும் சேர்ந்து 1024 மடங்கு. பேப்பர் கணக்குதான், அப்படியே நடக்காது, ஒரு எல்லைக்குள்ளதான் செல்லும், ஆனா போக்கு சரி. விதைகளை ரொம்ப காலம் பாதுகாக்கிற ஜீன் பேங்குங்க பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரியில வெக்கிறது இதனாலதான். நம்ம பெருசுங்க விதை நெல்லை நல்லா காய வெச்சு வைக்கோல்ல கோட்டை கட்டி சாணி மெழுகினதும் ஈரத்தை வெளிய நிறுத்தத்தான், ஆனா அது அடுத்த பட்டம் வரைக்கும் தாங்கத்தான், பேரன் காலத்துக்கு இல்ல.

எல்லா விதைக்கும் இந்த கணக்கு பொருந்தாது. பண்ருட்டி பலாக்கொட்டைய காய வெச்சா செத்துரும், ஈரமா வெச்சா சில வாரத்துல முளைச்சிரும் இல்ல அழுகிரும். மாங்கொட்டையும் அப்படித்தான். அதனால ஆயிரம் வருஷத்து பலா ஒண்ணு விதையில இருந்து எந்தக் காலத்துலயும் எழுந்து வராது, பலாவைக் காப்பாத்தணும்னா மரமாத்தான் வெச்சிருக்கணும். இதுக்கு நேர் எதிர் தாமரை. அதோட கொட்டை ஓட்டுக்குள்ள தண்ணி போகவே போகாது, நீங்களே உப்புத்தாள்ல ஒரு பக்கம் தேய்ச்சுட்டு தண்ணியில போட்டுப் பாருங்க, சில நாள்ல முளை வரும், தேய்க்காம போட்டா மாசக்கணக்கா அப்படியே கிடக்கும். சீனாவுல ஒரு வறண்ட ஏரிப் படுகையில இருந்து எடுத்த தாமரைக் கொட்டை ஒண்ணு கிட்டத்தட்ட 1300 வருஷம் கழிச்சு முளைச்சிருக்கு, 1995ல ஜேன் ஷென்-மில்லர்ங்கறவங்க டேட்டிங்கோட வெளியிட்டாங்க.

பொறுமைக்கு ஒரு ஆள் சொல்லணும்னா வில்லியம் பீல். 1879ல மிச்சிகன்ல 20 பாட்டில்ல களை விதைங்களை மண்ணோட கலந்து புதைச்சு வெச்சுட்டுப் போனார், அவர் போயும் அடுத்தடுத்த ஆளுங்க எடுத்து நடத்துறாங்க. 2021ல ராத்திரியோட ராத்திரியா, வெளிச்சம் பட்டு முளைச்சிரக் கூடாதுன்னு இருட்டுல ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்தாங்க, 142 வருஷம் கழிச்சும் வெர்பாஸ்கம்ங்கற ஒரு களை முளைச்சுது. கடைசி பாட்டில் 2100ல. ஈர மண்ணுல அத்தனை வருஷம் தாக்குப் பிடிக்கிறது பெரும்பாலும் களைங்கதான், பயிருங்க இல்ல. அதுக்கும் காரணம் இருக்கு: விதைச்ச உடனே ஒண்ணா முளைக்கிறதைத்தான் ஆயிரக்கணக்கான வருஷமா நாம பொறுக்கி பொறுக்கி எடுத்தோம், தூங்கிக் கிடந்ததை எல்லாம் நாமளே கழிச்சு விட்டுட்டோம்.

இப்ப உங்க தாத்தா நெல்லுக்கு வரேன் தம்பி. முளைக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, ஆனா சோதிக்காம தூக்கிப் போடாதீங்க. முதல்ல பாதியை எடுத்து பாலித்தீன்ல கட்டி பத்திரப்படுத்துங்க, எல்லாத்தையும் ஊற வெச்சு அழுகடிச்சுட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க. குதிர் எந்த ஊர்ல இருந்துச்சு, யார் கடைசியா போட்டாங்க, அந்த நெல்லுக்கு வீட்டுல என்ன பேர் சொன்னாங்க, எல்லாம் எழுதி உள்ள வைங்க, பேரும் ஊரும் இல்லாத விதையை எந்த ஜீன் பேங்கும் ஆசையா வாங்காது. அப்புறம் பழைய காஞ்ச விதையை நேரா தண்ணியில முக்கக் கூடாது, தண்ணி சடார்னு ஏறினா செல் சவ்வு கிழிஞ்சு மிச்ச உயிரும் போயிரும். மூடியிருக்கிற டப்பாவுல அடியில தண்ணி, மேல வலைத்தட்டுல விதை, ஒரு நாள் அந்த ஈரக்காத்துல வெச்சுட்டு அப்புறம் ஈரமான முளைப்புத் தாள்ல சுருட்டி வைங்க. நெல்லுக்கு 14 நாள் பார்க்கணும். லேப்ல செய்யறதுன்னா டெட்ரசோலியம் போட்டுப் பார்ப்பாங்க, உயிருள்ள கரு சிவப்பா நிறம் மாறும், முளைக்கத் தெம்பில்லாத விதையில உயிர் ஒட்டிக்கிட்டிருக்கான்னு அதுல தெரியும். அப்படி இருந்தா கருவை மட்டும் எடுத்து கல்ச்சர்ல வளர்க்கலாம், அது வீட்டு வேலை இல்ல.

நல்லா பச்சையா ஏழெட்டு முளைச்சு வந்துச்சுன்னு வைங்க, சந்தோஷப்படறதுக்கு முன்னாடி எலியை நினைங்க. குதிருக்குள்ள போன வருஷ நெல்லைக் கொண்டு போய் போடறதுல எலியை மிஞ்ச ஆள் இல்ல, அந்த கனடா லூபின் கதையும் எலி வளையிலதான் ஆரம்பிச்சுது. கண்டுபிடிக்க வழி இருக்கு. 1950கள்ல, 60கள்ல அணுகுண்டு சோதனையில காத்துல கார்பன்-14 எகிறினதால அதுக்கு அப்புறம் விளைஞ்ச எதுலயும் அந்தக் கையெழுத்து இருக்கும், ஒரு மணியோட உமி போதும். அது இல்லன்னா 1955 வாக்குக்கு முந்தினது, ஆனா எவ்வளவு முந்தினதுன்னு 300 வருஷத்துக்குள்ள கார்பன் டேட்டிங் தெளிவா சொல்லாது. இன்னொரு வழி செடியைப் பார்க்கிறது. குட்டையா நின்னு, டிஎன்ஏல எஸ்டி1ங்கற குட்டை ஜீன் ஐஆர் 8ல இருக்கிற அதே வெட்டுப்பட்ட வடிவத்துல இருந்துச்சுன்னா அது தாத்தா நெல்லு இல்ல, 1966க்கு அப்புறம் வந்த பசுமைப் புரட்சி நெல்லோட வாரிசு. நெடுநெடுன்னு வளர்ந்து சாஞ்சா கொஞ்சம் நம்பிக்கை வெக்கலாம்.

மூணாவது கேள்விதான் நல்ல கேள்வி. முளைச்சாத்தான் பூர்வீகம் தெரியுமா? இல்ல. பல நேரம் செத்த விதையே போதும், சில நேரம் செத்த விதைதான் அதிகம் சொல்லியிருக்கு. மசாடா இருக்கிற அதே மலைச் சரிவுல யோராம்னு ஒரு குகை, அங்க 6000 வருஷத்து பார்லி கிடைச்சுது. ஒண்ணும் முளைக்கல, ஆனா வறட்சியில டிஎன்ஏ நல்லா இருந்ததால 2016ல ஜீனோமை, அதாவது அதோட மொத்த டிஎன்ஏவை, படிச்சுட்டாங்க, இன்னிக்கும் அந்தப் பக்கத்துல விளையற பார்லிக்கு அது ரொம்ப நெருக்கம்னு தெரிஞ்சுது, அதாவது அத்தனை படையெடுப்பு பஞ்சம் இடம்பெயர்வு எல்லாம் நடந்தும் உழவன் விதையை மாத்தல. நெல்லு இன்னும் சுவாரஸ்யம். காட்டு நெல்லு முத்தினதும் தானா உதிரும், கதிர்ல இருந்து கழண்ட இடம் வழவழன்னு இருக்கும், நாம வளர்க்கிற நெல்லை அடிச்சுத்தான் பிரிக்கணும், அதனால அந்த இடம் பிய்ஞ்சு சொரசொரன்னு இருக்கும். மைக்ராஸ்கோப்புல இந்த அடித்தழும்பை எண்ணிப் பார்த்தே சீனாவுல தியான்லுவோஷான்ங்கற இடத்துல 6900ல இருந்து 6600 வருஷத்துக்கு முன்ன வரைக்கும் ஒரு 300 வருஷத்துல சொரசொர தழும்பு 27 சதவீதத்துல இருந்து 39 சதவீதத்துக்கு ஏறினதைக் காட்டினாங்க. 300 வருஷத்துல வெறும் 12 சதவீதம்! யாரோ ஒரு புத்திசாலி ஒரே நாள்ல விவசாயத்தைக் கண்டுபிடிச்சான்ங்கற கதை அதோட முடிஞ்சுது. இதுக்கு ஒரு மணிகூட முளைக்க வேண்டியிருக்கல.

உயிரோட இருக்கிற நெல்லுலயே பூர்வீகம் எழுதியிருக்கு, அதுவும் கண்ணுக்குத் தெரியற மாதிரி. மாப்பிள்ளை சம்பா, பூங்கார், காட்டுயானம் எல்லாம் சிவப்பரிசி, காட்டு நெல்லும் சிவப்புதான், அதாவது சிவப்புதான் மூத்த நிறம். வெள்ளை அரிசி பெரும்பாலும் ஆர்சிங்கற ஒரே ஜீன்ல 14 டிஎன்ஏ எழுத்து காணாம போனதுல வந்தது, அந்த வெட்டு முதல்ல ஜப்பானிகாங்கற கிழக்காசிய நெல்லு வகையில நடந்து அப்புறம் கலப்புல நம்ம இண்டிகாவுக்குத் தாவினதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ரேஷன் கடை வெள்ளைச் சோத்துக்குள்ள கிழக்காசிய சொந்தம் ஒண்ணு இருக்கு.

அப்ப முளைக்க வெச்சு என்ன லாபம்? பேரீச்சையில நிறையவே கிடைச்சுது. மரமா நின்னா இலை எடுத்து முழு ஜீனோம் படிக்கலாம், தேய்ஞ்ச துண்டு டிஎன்ஏவோட மல்லுக்கட்ட வேண்டாம். 2021ல அப்படிப் படிச்சப்ப கிரீட் தீவுப் பக்கம் இருக்கிற ஒரு காட்டு பேரீச்சையோட ரத்தம் இந்த மரங்கள்ல கலந்திருக்கு, ரோமானியர் காலத்தை நெருங்க நெருங்க அது கூடியிருக்குன்னு தெரிஞ்சுது. பழம் என்ன ருசி, எத்தனை பெருசு, நோய் தாங்குமான்னு எந்த ஜீனோமும் முழுசா சொல்லாது, மரம் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை இதுல உண்டு. நூறு விதையில அஞ்சு முளைச்சா அந்த அஞ்சை வெச்சு அந்தக் காலத்துப் பயிரே இப்படித்தான்னு சொல்லக் கூடாது. ஸ்கூல் முடிச்சு 40 வருஷம் கழிச்சு நடக்கிற கெட்-டுகெதருக்கு வந்தவங்களை மட்டும் பார்த்துட்டு எங்க பேட்ச்ல எல்லாருக்கும் உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்ற மாதிரி ஆயிரும். தாக்குப் பிடிக்கிற குணம் உள்ளதுதான் முளைச்சிருக்கும். அதோட பழைய விதையில இருந்து வர்ற முதல் தலைமுறை நோஞ்சானா இருக்கும், அது ஜாதிக் குணமில்ல, முதுமை. அதனால பழசையும் புதுசையும் ஒரு தலைமுறை பக்கத்துல பக்கத்துல வளர்த்து, அதுல எடுத்த விதையை வெச்சுத்தான் ஒப்பிடணும். கலிபோர்னியாவுல இப்படி செஞ்சாங்க, 1997ல எடுத்து வெச்ச காட்டுக் கடுகு விதையையும், நடுவுல வறட்சி வந்து போனப்புறம் 2004ல எடுத்ததையும் ஒண்ணா வளர்த்தா பிந்தினது சீக்கிரமே பூ எடுத்துருச்சு, ஏழே வருஷத்துல பரிணாமம். ஆயிரம் வருஷத்து விதையே தேவைப்படல.

இன்னொரு வழியும் இருக்கு, நம்ம ஊருக்கு ரொம்ப நெருக்கமானது. மல்லாட்டை. விருத்தாசலம் பண்ருட்டி செம்மண்ணுல பிறந்தது போலத்தான் இருக்கும், பிரெஞ்சுக்காரன் காலத்துல பாண்டியில இருந்து மார்செய்க்கு கப்பல் கப்பலா போச்சு, ஆனா சொந்த ஊரு தென் அமெரிக்கா. அங்க ரெண்டு காட்டுச் செடி, ஒண்ணு டுரானென்சிஸ், இன்னொண்ணு இபயென்சிஸ். ஒவ்வொண்ணுக்கும் 20 குரோமோசோம், மல்லாட்டைக்கு 40. இபயென்சிஸ் பொலிவியாவுல ஒரே ஒரு இடத்துலதான் கிடைச்சுது, அந்த விதையை ஜீன் பேங்க்ல வெச்சிருந்தாங்க. 2016ல ரெண்டோட ஜீனோமையும் படிச்சப்ப, மல்லாட்டைக்குள்ள இருக்கிற பாதி ஜீனோமும் இபயென்சிஸும் 99.96 சதவீதம் ஒண்ணு. அப்பன் இன்னும் அதே வீட்டுல உட்கார்ந்திருக்கான்னு அர்த்தம். டுரானென்சிஸ் இபயென்சிஸ் இருக்கிற இடத்துல தானா வர்ற செடி இல்ல, பல ஆயிரம் வருஷத்துக்கு முன்ன மனுஷங்கதான் கையில எடுத்துட்டு வந்திருக்கணும், அங்க ரெண்டும் கலந்து மல்லாட்டை பிறந்திருக்கணும்ங்கறாங்க. பிரேசில்காரங்க இதை ஊகத்தோட விடல, ரெண்டையும் திரும்ப கலந்து, கால்சிசின் போட்டு குரோமோசோமை இரட்டிப்பாக்கி 40 குரோமோசோம் செடியை உண்டாக்கிட்டாங்க. (கால்சிசின் வேற ஒண்ணும் இல்ல, நம்ம கண்வலிக் கிழங்குல இருக்கிற அதே விஷம்.) அந்தச் செடியோட சந்ததியில ரெண்டு ஜீனோமும் துண்டு துண்டா இடம் மாத்திக்கிட்டு பூ நிறம் தானா மாறிச்சு. ஒரே ஒரு கல்யாணத்துல பிறந்த பயிருக்கு கொத்து, கொடி, சிவப்புப் பருப்பு, வெள்ளைப் பருப்புன்னு இத்தனை ரகம் எப்படி வந்திருக்கும்ங்கறதுக்கு அங்க ஒரு விடை கிடைச்சுது.

இங்க யாராவது செய்யணும்னு நான் ஆசைப்படற சோதனை ஒண்ணு இருக்கு. 2004 சுனாமியில தேவனாம்பட்டினத்துல இருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் கடல் தண்ணி உள்ள வந்துச்சு. அதுக்கு முன்ன கடலோர கிராமங்கள்ல எடுத்த களர்பாளை, பூங்கார் விதை எதாவது டெல்லி தேசிய ஜீன் பேங்க்லயோ கோயம்புத்தூர்லயோ இருந்தா, அதே ஊர்ல விடாம விதைச்சுட்டு வர்ற ஆள்கிட்ட இன்னிக்கு ஒரு கை நெல்லு வாங்கி, ரெண்டையும் ஒரு பட்டம் நல்ல நிலத்துல வளர்த்து விதை எடுத்துட்டு அடுத்த பட்டம் உப்பு நிலத்துல பக்கத்துல பக்கத்துல நட்டு, உப்பு தாங்குற சக்தி கூடியிருக்கான்னு பார்க்கணும். நெல்லு பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே சேரும், அதனால கலப்பு பயம் அதிகம் இல்ல, நடுவுல 3 மீட்டர் விட்டா போதும். செலவுன்னு பார்த்தா நிலத்து குத்தகையும் நாத்து நட்ட கூலியும்தான்.